வீட்டிலேயே செய்யும் காந்தத் தூண்டில் விளையாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்டையில் வெட்டிய மீன்களின் வாயில் ஆளுக்கொரு பேப்பர் கிளிப்பைச் செருகித் தரையில் பரப்பிவிட்டு, நூல் கட்டிய குச்சியின் முனையில் தொங்கும் காந்தத்தால் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கும் விளையாட்டு இது. ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம். ஆனாலும் காந்தம் கழன்று விழுவது, நூல் சிக்குவது, மீன் பாதி வழியில் நழுவுவது என்று செய்து பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் சில உண்டு. அவற்றுக்கான விடைகள் கீழே உள்ளன.

கேள்வி: என்னென்ன பொருள்கள் தேவை?

சற்றுக் கனமான அட்டை, கத்தரிக்கோல், ஸ்கெட்ச் பேனாக்கள், பேப்பர் கிளிப்புகள், சாதாரணப் பருத்தி நூல், ஒரு கோல், ஒரு காந்தம், காந்தத்தைப் பொதிந்து தைக்க ஒரு துண்டுத் துணி ஆகியவையே போதும். குளத்துக்கு நீல நிறப் போர்வையோ பழைய துணியோ விரிக்கலாம், வெறுந்தரையும் குறையில்லை. பழைய பெட்டிகளின் அட்டையே மீனுக்கு மிகப் பொருத்தமான கனத்தில் இருப்பதால், புதிதாக வாங்க வேண்டியது பெரும்பாலும் காந்தம் ஒன்றுதான்.

கேள்வி: காந்தத்தை மீனில் வைப்பதா, தூண்டிலில் வைப்பதா?

தூண்டிலில் மட்டுமே வைக்க வேண்டும். மீன்களில் காந்தம் வைத்தால், பன்னிரண்டு மீன்களுக்குப் பன்னிரண்டு சிறு காந்தங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். அவற்றில் ஒன்று காணாமல் போனால்கூட நமக்குத் தெரியாது. தவிர, காந்தமும் காந்தமும் சந்திக்கும்போது எதிரெதிர்த் துருவங்கள் ஈர்க்கும், ஒத்த துருவங்கள் விலக்கும் என்பதால், பாதி மீன்கள் தூண்டிலைக் கண்டதும் விலகி ஓடும். பெரியவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கலாம். மூன்று முறை முயன்றும் மீன் சிக்காத குழந்தைக்கு அழுகைதான் வரும். தூண்டிலில் ஒரு காந்தம், மீனில் வெறும் இரும்பு என்று இருந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒட்டும். எண்ணிக் காப்பாற்ற வேண்டிய காந்தமும் ஒன்றே.

கேள்வி: எந்த வகைக் காந்தம் நல்லது?

கறுப்பாக, பீங்கான் போலத் தோற்றமளிக்கும் ஃபெரைட் காந்தமே இதற்கு ஏற்றது. சுமார் 2 சென்டிமீட்டர் குறுக்களவும் 4 அல்லது 5 மில்லிமீட்டர் கனமும் கொண்ட வட்டு, ஓர் அட்டை மீனைத் தாராளமாகத் தூக்கும். நடுவில் துளையுள்ள வளையக் காந்தம் கிடைத்தால் இன்னும் நல்லது. நூலைத் துளையின் வழியாகவே கட்டிவிடலாம். ஃபெரைட் துருப்பிடிக்காது. ஆனால் கல் தரையில் விழுந்தால் உடையும். உடைந்ததை ஒட்டிப் பயன்படுத்தாமல் எறிந்துவிட வேண்டும்.

வெள்ளிபோல் பளபளக்கும் சிறிய நியோடைமியம் காந்தங்களை நான் இந்த விளையாட்டுக்குப் பரிந்துரைப்பதில்லை. 1980களில் புழக்கத்துக்கு வந்த இவ்வகைக் காந்தங்கள் தம் உருவத்துக்குப் பொருந்தாத வலிமை கொண்டவை. பட்டாணி அளவுள்ள ஒன்றே பெரிய ஃபெரைட் வட்டின் வேலையைச் செய்துவிடும். அந்தச் சிறிய உருவம்தான் ஆபத்து. ஏனென்றால் வாய்க்குள் எளிதாகப் போகும், தொலைந்தால் கண்ணிலும் படாது.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் வளையக்கூடிய தகடுக் காந்தங்கள் உதவா. அவற்றில் வடதுருவமும் தென்துருவமும் மெல்லிய பட்டைகளாக மாறி மாறி அமைந்திருப்பதால், ஈர்ப்பு மேற்பரப்பைத் தாண்டி அதிகத் தூரம் செல்வதில்லை. தட்டையான கதவில் நன்றாகப் பற்றும் அந்தக் காந்தம், நூலில் தொங்கி ஒரு கம்பி வளைவைப் பிடிக்கும்போது கைவிட்டுவிடும்.

கேள்வி: காந்தத்தை நூலில் எப்படி இணைத்தால் கழலாது?

முழு விளையாட்டிலும் அதிகக் கவனம் கேட்கும் இடம் இதுதான். நான் முதலில் செய்த தூண்டிலில் நூலின் முனையைக் காந்தத்தின் மேல் வைத்துச் சூடான பசையால் ஒட்டியிருந்தேன். ஆறிய பிறகு இழுத்துப் பார்த்தபோது கல்லாக நின்றது. மூன்றாவது ஆட்டத்தில் கட்டிலின் இரும்புக் காலில் போய் ஒட்டிக்கொண்ட காந்தத்தைக் குழந்தை வெடுக்கென்று இழுக்க, பசைக் கட்டி மட்டும் நூலோடு வந்தது. காந்தத்தின் வழவழப்பான முகத்தைப் பசை சரியாகப் பற்றுவதில்லை என்பதும், குழந்தைகள் நேராக மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் இழுப்பார்கள் என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது.

அதன் பிறகு துணிப்பை முறைக்கு மாறிவிட்டேன். காந்தத்தைவிட இரு மடங்கு அகலமுள்ள மெல்லிய துணியை மடித்து, காந்தத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றி நான்கு பக்கமும் நெருக்கமாகத் தைத்துவிட வேண்டும். பிறகு தூண்டில் நூலை ஊசியில் கோத்து, துணியின் மேல்விளிம்பில் மூன்று நான்கு முறை உள்ளும் புறமுமாக ஓட்டி முடிச்சிட வேண்டும். துணி மெல்லியதாக இருப்பது அவசியம். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் ஈர்ப்பு குறைவது கையிலேயே தெரியும். காந்தம் உடைந்தாலும் துண்டுகள் பைக்குள்ளேயே கிடக்கும் என்பது இம்முறையின் இன்னொரு நன்மை. வளையக் காந்தமாக இருந்தாலும், துளையில் கட்டியதோடு நிறுத்தாமல் இந்தப் பையையும் தைத்துவிடுவதே நல்லது.

விளையாடக் கொடுக்கும் முன் கோலை ஒரு கையிலும் காந்தத்தை மறு கையிலும் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். குழந்தை இழுக்கக்கூடியதைவிட அதிக வலுவோடு இழுத்தும் தையல் அசையவில்லை என்றால் மட்டுமே கொடுக்கலாம். ஒவ்வொரு நாளும் ஆட்டத்துக்கு முன் இந்தச் சோதனை வேண்டும்.

கேள்வி: நூல் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

பலர் கோலின் உயரத்துக்கு நிகராக, முக்கால் மீட்டர் வரை நூலை விட்டுவிடுகிறார்கள். தூண்டில் என்றால் நீளமாகத்தானே இருக்கும் என்ற எண்ணம்தான் காரணம். 25 சென்டிமீட்டரே சரியான அளவு என்பது என் கருத்து.

தொங்கும் காந்தம் ஓர் ஊசல். 25 சென்டிமீட்டர் நூலில் அது ஒரு முறை போய்த் திரும்ப ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். நூல் ஒரு மீட்டராக இருந்தால் இரண்டு விநாடி ஆகும். நீண்ட நூல் மெதுவாக ஆடுவதால் கட்டுப்படுத்துவது சுலபம் என்று தோன்றும். உண்மையில், அதே அளவு சாய்வில் அது மிக அகலமாக ஆடுவதோடு, ஆட்டம் அடங்கவும் நெடுநேரம் பிடிக்கும். நான்கு வயதுக் குழந்தை விளையாடுவதைக் கவனித்தால் இது விளங்கும்: காந்தம் மீனைத் தாண்டிப் போகும், குழந்தை கோலை எதிர்ப்பக்கம் இழுக்கும், அந்த இழுப்பால் ஆட்டம் இன்னும் பெரிதாகும், கடைசியில் குழந்தை பொறுமையிழந்து இடக்கையால் நூலைப் பிடித்து, காந்தத்தை மீனின் வாயில் வைத்து அழுத்தும். நூலைக் கையால் பிடிப்பதை நீங்கள் அடிக்கடி பார்த்தால், குழந்தையைத் திருத்த வேண்டாம், நூலைச் சுருக்குங்கள்.

குறுகிய நூல் பாதுகாப்புக்கும் நல்லது. நீண்ட நூல் கழுத்திலோ விரலிலோ சுற்றிக்கொள்ளக்கூடும். நைலான் இழை, சுருட்டி வைத்திருந்த வடிவத்தை விடாமல் முறுக்கிக்கொண்டே இருக்கும். பருத்தி நூல் சொன்னபடி தொங்கும்.

கேள்வி: கோலுக்கு எதைப் பயன்படுத்தலாம்?

நுனி மழுங்கிய எதுவும் ஆகும். நீண்ட மரக்கரண்டி, வழவழப்பாகத் தேய்த்த குச்சி, கனமான அட்டைக்குழல் ஆகியவற்றில் எது கையில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். இவை இல்லையென்றால் செய்தித்தாள் தாளை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை நோக்கி இறுக்கமாகச் சுருட்டி டேப் ஒட்டினால், இலேசான, யார் மேல் பட்டாலும் வலிக்காத கோல் கிடைக்கும். 40 சென்டிமீட்டர் நீளம் போதும். கூரான நுனியுள்ள குச்சிகளை எவ்வளவு தேய்த்தாலும் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: மீன்களை எப்படி வெட்டுவது? கிளிப்பை எங்கே செருகுவது?

மீனின் நீளம் 10 முதல் 12 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். முட்டை வடிவில் உடலும் முக்கோண வாலும் வரைந்தாலே மீனாகிவிடும். செதில், கண், துடுப்பு எல்லாம் குழந்தைகளின் வேலை. இரண்டு பக்கமும் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள், ஏனெனில் மீன் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. வால் உடலோடு சேரும் இடத்தை மிக ஒடுக்கமாக வெட்டினால், இரண்டாம் நாளே வால் தொங்கிவிடும்.

கிளிப்பின் இடம் முக்கியமானது. அதை வாயின் நுனியில், பாதி அட்டையின் மேலும் பாதி வெளியே நீட்டிக்கொண்டும் இருக்குமாறு செருக வேண்டும். அப்போது காந்தம் அட்டையைத் தொடாமல் நேராக இரும்பைத் தொடும். தூக்கும்போது மீன் உண்மையாகவே பிடிபட்டதுபோல் தலை மேலாகவும் வால் கீழாகவும் தொங்கும். வயிற்றில் செருகிய மீன் கிடைமட்டமாக எழும்பி, பக்கவாட்டில் ஆடி, பாதியில் விழுந்துவிடும். கிளிப் கழலாதிருக்க அட்டையின் மேலுள்ள பாதியை மட்டும் டேப்பால் மூடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மூடக் கூடாது.

கேள்வி: காந்தம் சில கிளிப்புகளில் ஒட்டவே இல்லை. ஏன்?

கிளிப் இரும்பாலானதாக இருக்காது. காந்தம் ஈர்க்கும் உலோகங்களில் வீட்டில் அதிகம் புழங்குவது இரும்பும் எஃகுமே. அலுமினியம், செம்பு, பித்தளை ஆகியவற்றைக் காந்தம் கண்டுகொள்ளாது. எவர்சில்வரிலும் சில வகை ஒட்டும், சில வகை ஒட்டாது. வண்ணப் பிளாஸ்டிக் பூசிய கிளிப்புகளின் உள்ளே எஃகுக் கம்பி இருப்பதால் அவை நன்றாக ஒட்டும். முழுப் பிளாஸ்டிக் கிளிப்புகள் ஒட்டா. வெட்டத் தொடங்கும் முன்பே எல்லாக் கிளிப்புகளையும் மேசையில் கொட்டிக் காந்தத்தால் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டால், இந்தத் தொல்லை எழாது. அந்தச் சோதனையையே குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள். மீன்பிடிப்பைவிட அதில் அதிக நேரம் போக்குபவர்களும் உண்டு.

ஸ்டேப்ளர் பின் ஒன்றை மட்டும் அடித்து மீன் செய்பவர்களும் இருக்கிறார்கள். அதில் இரும்பு மிகக் குறைவு. காந்தமும் தொட்டுத் தடவித் தேட வேண்டியிருக்கும். பெரிய குழந்தைகளுக்கு விளையாட்டைக் கடினமாக்க வேண்டுமானால் அது நல்ல உத்தி.

கேள்வி: எந்த வயதுக் குழந்தைகளுக்கு இது ஏற்றது?

எதையும் வாயில் வைக்கும் பழக்கம் முற்றிலும் நின்ற பிறகே காந்தமுள்ள தூண்டிலைக் கொடுக்கலாம். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கூடவே கூடாது. பொம்மைகளின் சிறு பாகங்களைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துவார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதினரின் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கருதப்படுகிறது. நம் 2 சென்டிமீட்டர் காந்தம் அதற்குள் சுலபமாக அடங்கும், கிளிப்பும் அப்படியே. எனவே, அக்கா விளையாடும்போது பக்கத்தில் தவழும் தம்பியையும் கணக்கில் எடுத்துக்கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

வளர்ந்த குழந்தைகளானாலும் பெரியவர் ஒருவர் உடனிருப்பது அவசியம்.

கேள்வி: குழந்தை காந்தத்தை விழுங்கிவிட்டால் என்ன செய்வது?

வயிற்றுவலி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருக்காமல், உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இரண்டு காந்தங்களோ, ஒரு காந்தமும் ஓர் இரும்புத் துண்டுமோ உள்ளே போனால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்துகொண்டே ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய குடல்சுவரை நசுக்கித் துளைத்துவிடக்கூடும். தொடக்கத்தில் அறிகுறி எதுவும் இல்லாமலோ, சாதாரண வயிற்று உபாதை போன்றோ இருக்கலாம். விழுங்கினானா இல்லையா என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும் போக வேண்டும், எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும்.

கேள்வி: காந்தமே இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் அதையே செய்யுங்கள். அகன்ற பாத்திரத்தில் பெரிய ஸ்பாஞ்சு மீன்களைப் போட்டு, வலைக்கரண்டியாலோ வடிகட்டியாலோ அள்ளச் சொன்னால் இரண்டு வயதுக் குழந்தைக்கு அதுவே பெரிய வேட்டை. மீன் குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருக்கட்டும்; ஸ்பாஞ்சைக் கடித்துப் பிய்க்கும் குழந்தையாக இருந்தால் அதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் மூடிகளைப் போடலாம்.

ஏழு எட்டு வயதினருக்குக் கொக்கித் தூண்டில் பொருந்தும். அட்டையில் கேள்விக்குறி வடிவக் கொக்கியை வெட்டி நூலில் கட்டி, மீனின் முதுகில் தாள் பட்டையால் ஒரு வளையத்தை நிமிர்த்தி ஒட்டினால், கொக்கியை வளையத்துக்குள் நுழைத்துத் தூக்க வேண்டியிருக்கும். காந்தத்தைவிட இதற்குப் பல மடங்கு நிதானம் வேண்டும். வெல்க்ரோவை நானும் முயன்றேன், பலிக்கவில்லை. அது ஒட்டுவதற்கு அழுத்த வேண்டும், நூலில் தொங்கும் பொருளால் அழுத்த முடியாது.

கேள்வி: தண்ணீரில் விளையாடலாமா?

விளையாடலாம், ஆனால் அட்டை ஊறிவிடும். பிளாஸ்டிக் மூடிகளிலோ மிதக்கும் தக்கைத் துண்டுகளிலோ மீன் செய்து கிளிப் செருகினால், அவை அலைந்துகொண்டே இருப்பதால் ஆட்டமும் கடினமாகும். சாதாரணக் கிளிப்புகள் சில நாளில் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் பூசியவை சற்றுத் தாங்கும். துணிப்பையைக் காயவைத்த பிறகே எடுத்து வைக்க வேண்டும்.

சில சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில்கூடச் சிறு குழந்தைகள் மூழ்கக்கூடும் என்பதால், தண்ணீர் இருக்கும் வரை ஒரு கணமும் அகலக் கூடாது. அழைப்புமணி அடித்தால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள். ஆட்டம் முடிந்த உடனே தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு மூன்று குழந்தைகள் சேர்ந்து விளையாடினால் தூண்டில்கள் ஒட்டிக்கொள்கின்றனவே?

ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும், நூல்களும் பின்னிக்கொள்ளும். ஒரே தூண்டிலை முறைவைத்துக் கொடுப்பதே எளிய தீர்வு. ஒருவர் பிடிக்க, மற்றவர் மீனை விடுவித்து வாளியில் போட்டு எண்ணலாம். இரண்டு தூண்டில் வேண்டும் என்று அடம்பிடித்தால், குளத்தை இரண்டாகப் பிரித்து, கோலும் நூலும் சேர்ந்த நீளத்தைப் போல் இரு மடங்கு இடைவெளியில் இருவரையும் உட்கார வையுங்கள். விளையாடுபவர் உட்கார்ந்திருக்க வேண்டும், கோலின் நுனி தோளுக்கு மேல் உயரக் கூடாது என்ற இரண்டு விதிகளும் கண்ணைக் காப்பாற்றும்.

கேள்வி: ஒரே வீச்சில் இரண்டு மீன்கள் வந்தால் எப்படிக் கணக்கிடுவது?

காந்தத்தைத் தொட்ட கிளிப் தற்காலிகமாகத் தானும் காந்தமாகி, பக்கத்து மீனின் கிளிப்பையும் இழுத்துக்கொள்வதால் இது நிகழ்கிறது. காந்தத்தை அகற்றியதும் அந்த ஈர்ப்பு ஏறத்தாழ முழுவதும் போய்விடும். என் தீர்ப்பு, இரண்டும் பிடித்தவருக்கே சேரும். மறுப்பவர்கள் மீன்களை ஒரு சாண் தள்ளிப் பரப்பட்டும்.

கேள்வி: சில நாளில் அலுத்துவிடுகிறது. விதிகளை எப்படி மாற்றலாம்?

மீனின் ஒரு பக்கத்தில் எண்ணை எழுதிக் கவிழ்த்து வைத்தால், தூக்கும் வரை மதிப்பு தெரியாது. கடைசியில் கூட்டிப் பார்க்கும் பொறுப்பைக் குழந்தைகளிடமே கொடுக்கலாம். நடுவில் பழைய செருப்பு ஒன்றையும் அட்டையில் வெட்டிப் போட்டு, அதைப் பிடித்தவர் ஒரு மீனைத் திருப்பிவிட வேண்டும் என்று வைத்தால் சிரிப்புக்குக் குறைவிருக்காது.

எழுத்துப் பழகும் வயதினருக்கு நான் மிகவும் விரும்பிச் செய்வது உயிரெழுத்து மீன்கள். அ முதல் ஔ வரை 12 மீன்கள். இரண்டு வாளிகள், ஒன்று குறிலுக்கு, ஒன்று நெடிலுக்கு. பிடித்த எழுத்தை உரக்கச் சொல்லி, குரல் நீள்கிறதா இல்லையா என்று கேட்டு, உரிய வாளியில் போட வேண்டும். முடிவில் குறில் வாளியில் 5, நெடில் வாளியில் 7 இருக்க வேண்டும். ஐ குறிலா நெடிலா என்று ஒவ்வொரு முறையும் ஒரு வழக்கு நடக்கும். பிறகு வல்லினம், மெல்லினம், இடையினம் என ஆறு ஆறாக மெய்யெழுத்துகள் 18க்கும் மூன்று வாளிகள் வைக்கலாம்.

கேள்வி: எடுத்து வைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மீன்களைப் புத்தகத்தின் அடியில் தட்டையாக வைத்தால் வளையாது. தூண்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், மீன்களிலிருந்து தனியே வையுங்கள். காந்தப் பட்டையுள்ள வங்கி அட்டைகள் அருகில் இருக்க வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் வீட்டில் இருந்தால், காந்தம் அவர்கள் மார்பிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே இருக்க வேண்டும்; தாத்தாவின் மடியில் உட்கார்ந்து தூண்டில் போடும் குழந்தைகள் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

மீன்களையும் கிளிப்புகளையும் எண்ணி, எண்ணிக்கையைப் பெட்டியின் மூடியில் எழுதிவிடுங்கள். ஒன்று குறைந்தால் தூண்டிலைத் தரையில் ஒரு முறை இழுத்துச் சென்று பாருங்கள். கட்டிலின் அடியில் ஒளிந்த கிளிப்பைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல கருவி வீட்டில் இல்லை.